மைக் பிடித்தவருக்கு வாக்குப் போடலாமா?

லிந்துலைத் தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலையகத்தில் தலவாக்கலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று சொன்னால் ஆளையே கண்டுபிடித்து விடுவீர்கள், அதனால் அது வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் முன்பு வானொலி அறிவிப்பாளராக இருந்துவிட்டு இப்போது சொந்தமாக யூடியூப் சேனல் நடத்துகிறார். நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரைத் தகரம் காற்றில் பறந்தாலும் சரி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோவை வெட்டினாலும் சரி, மனிதர் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார், சுருக்கென்று நாலு கேள்வி கேட்பார். தேர்தல் வந்தால் மாகாண சபைக்கு நிற்கப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல், அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், ஆக இந்தத் தேர்தல் எனக்குப் புதுசு.

வீட்டில் இதனால் பெரிய சண்டை. "அந்தத் தம்பி வீடியோ போட்ட பிறகுதான் நம்ம பீலிக்கரைக்குத் தண்ணி வந்துச்சு, என் வாக்கு அவருக்குத்தான்" என்கிறார் அம்மா. அப்பாவோ, "முப்பது வருஷமா சம்பளத்துல சங்கத்துக்குச் சந்தா வெட்டுறாங்க, அந்தச் சங்கத்தையே நம்ப முடியல, இதுல மைக் பிடிச்சவனை நம்பச் சொல்றியா" என்று கத்துகிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து இதை எழுதுகிறேன்.

டிவி, ரேடியோ, சினிமா ஆட்கள் பதவிக்கு வருவது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சும்மா கட்சிச் சண்டை வேண்டாம்.

பதுளை மச்சான்:

தம்பி, இதில் கேட்க என்ன இருக்கிறது? தாராளமாகப் போடலாம். இப்போது இருக்கிறவர்களில் பாதிப் பேர் எப்படி வந்தார்கள்? தாத்தா பெயர், அப்பா பெயர், மாமா பெயர். அதுவும் பிரபலம்தானே? ஒரு அறிவிப்பாளர் தன் குரலை வைத்துத் தானே சம்பாதித்த பெயர் அது, அதற்கு மட்டும் ஏன் தீட்டு? தோட்டத் துரைமாருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் கேள்வி கேட்க ஒரு ஆள் கிடைத்தால் அதுவே எனக்குப் போதும். மற்றதெல்லாம் சபைக்குப் போன பிறகு பழகிக்கொள்ளலாம்.

ஹட்டன் பழைய நிருபர்:

தம்பி, நான் பதினொரு வருடம் பிராந்திய நிருபராக இருந்தவன். மாதச் சம்பளம் இல்லை, செய்தி போனால் செய்திக்கு இவ்வளவு என்று காசு. அதனால் மைக் பிடித்தவன் சார்பாகத்தான் நான் பேசுவேன் என்று நினைப்பீர்கள், ஆனால் என் கதையே வேறு.

ஒரு தோட்டத்துப் பாதை. ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிப் பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வருகிற அளவுக்கு மோசம். மூன்று தடவை செய்தி போட்டேன். மூன்றாவது தடவை அந்தப் பகுதிப் பிரதேச சபைத் தலைவரான தவிசாளரின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, "மக்கள் பணம் எங்கே போகிறது?" என்று கேட்டேன். அவர் எதையோ முணுமுணுத்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். செய்தி பிரமாதமாகப் போனது, பஸ்ஸில் கூட ஆட்கள் கையைக் குலுக்கினார்கள். கனநாள் கழித்துத்தான் ஒரு சட்டத்தரணி எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, தோட்டத்துக்குள் இருக்கிற பாதைக்கும் லயத்துக்கும் சபை தன் பணத்தைச் செலவழிக்க அதுதான் தடை என்று. நாம் வாக்குப் போட்டோம், உறுப்பினர்களை அனுப்பினோம், ஆனால் அவர்களால் நம் லயத்துக்கு முன்னால் ஒரு கல் போட முடியாது! அந்தப் பிரிவைத் திருத்தியது 2018 இல். நான் அந்த மனிதரைக் கிழித்தது அதற்கு நாலு வருடம் முன்னால். அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விஷயம், என் கேள்வி தப்பான ஆளிடம் கேட்ட கேள்வி, கேட்க வேண்டிய இடம் பாராளுமன்றம். எனக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அன்றைக்குக் கேட்டிருப்பேனோ என்னவோ, 33 ஆம் பிரிவைப் பற்றி ஒன்றரை நிமிடச் செய்தி போட்டால் யார் பார்ப்பார்கள்?

அப்புறம் இன்னொன்று. நம் பாராளுமன்றத் தேர்தல் முறையே முகம் தெரிந்தவருக்குத்தான் வசதி. கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த, நுவரெலியா மஸ்கெலியா என்று முழு மாவட்டத்துக்கும் கட்சிக்கு ஒரே வேட்பாளர் பட்டியல், அதில் பிடித்தவர்களுக்கு வாக்காளர் ஆளுக்கு மூன்று விருப்பு வாக்குப் போடலாம். வலப்பனையில் இருக்கிறவருக்கு நோர்வூட்டில் இருக்கிற நல்ல ஆளைத் தெரியவா போகிறது? திரையில் பார்த்த முகம் தெரியும். 2010 பொதுத் தேர்தலில் டிவியில் மின்னல் நிகழ்ச்சி நடத்திய ஸ்ரீரங்கா நுவரெலியா மாவட்டத்தில் வென்றது அப்படித்தான். அதே தேர்தலில் கம்பஹாவில் பபா என்று வீட்டுக்கு வீடு தெரிந்த நடிகை உபேக்ஷா சுவர்ணமாலி எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியில் வென்றார், அந்த வருடம் முடிவதற்குள்ளேயே, ஜனாதிபதி எத்தனை தடவையும் போட்டியிடலாம் என்ற அரசியலமைப்பின் 18 ஆவது திருத்தத்துக்கு அரசாங்கத்தின் பக்கம் நின்று வாக்களித்தார். அவருக்கு வாக்குப் போட்டவர்கள் அதை எதிர்பார்த்தா போட்டார்கள்?

பதுளை மச்சான்:

அண்ணே, கட்சி மாறுவதற்கு நடிகையாக இருக்க வேண்டுமா? நம்ம ஆட்கள் எத்தனை பேர் தாவினார்கள், விரல் பத்தாது.

ஹட்டன் பழைய நிருபர்:

அது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

சபை ஆபீஸ் அக்கா:

நான் ஒரு பிரதேச சபையில் வேலை செய்கிறேன், எந்தச் சபை என்று கேட்காதீர்கள். நுவரெலியாவையும் அம்பகமுவையையும் மூன்று மூன்றாகப் பிரித்த பிறகு சபைக்குப் பஞ்சமில்லை.

உறுப்பினர் வேலை என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாமல்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மாதக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு கட்டுத் தாள் வரும். குப்பை லொறிக்கு டயர் வாங்குவது, சந்தைக் கடை வாடகை, தெருவிளக்கு, மயான மதில். அதைப் படிக்க வேண்டும். பாதி சிங்களத்தில் இருக்கும், தமிழ்ப் பிரதி கேட்டு வாங்க வேண்டும், அதைக் கேட்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். எங்கள் சபையில் ஒரு உறுப்பினர் இருந்தார், பேஸ்புக்கில் பெரிய ஆள், கூட்டம் தொடங்கினால் இவருடைய லைவும் தொடங்கும். ஒரு டிசம்பரில் வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினார், என்ன பேச்சு! எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பேசி முடித்துவிட்டு அந்தத் திட்டத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். அவருடைய சொந்த வட்டாரத்துக்கு வைத்திருந்த தெருவிளக்குக் காசை அந்தத் தாளில் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள், அது எட்டாம் பக்கத்தில். அவர் எட்டாம் பக்கம் வரை போகவே இல்லை. வீடியோவுக்கு மட்டும் லைக் ஆயிரக்கணக்கில்.

ஆனாலும் நடிகர் என்றாலே இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். காமினி பொன்சேகா சிங்களப் படங்களில் எவ்வளவு பெரிய கதாநாயகன், அவர் 1989 முதல் 1994 வரை பிரதி சபாநாயகராக இருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கைதட்டல் கிடையாது, நிலையியற் கட்டளை என்கிற சபை விதிகளும் நேரமும்தான். பிறகு வடக்கு கிழக்கு மாகாண ஆளுநராகவும் இருந்தார். இன்னொரு பக்கம் எம்பியாக இருந்த நடிகர் ரஞ்சன் ராமநாயக்க, ஊழலைப் பற்றி நிறையப் பேசினார், மக்களுக்கும் பிடித்தது, ஆனால் நீதிபதிகளைப் பற்றி வெளியே மைக்குகளுக்கு முன்னால் சொன்ன ஒரு வார்த்தைக்கு 2021 ஜனவரியில் நான்கு வருடச் சிறை, ஆசனமும் போனது. தண்டனை கூடிப்போனது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் சபைக்குள் பேசினால் வழக்குப் போட முடியாத சிறப்புரிமை இருக்கிறது, வெளியே இல்லை என்பது ஒரு எம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மைக்கைப் பார்த்ததும் வாய் தானாகத் திறக்கிற பழக்கம் அது.

தம்பி, உங்கள் ஆளிடம் கூரையையும் தண்ணீரையும் பற்றிக் கேட்காதீர்கள், அதெல்லாம் அவருக்கு நன்றாகவே பேச வரும். மாகாண சபைக்கு என்ன அதிகாரம், எது மத்திய அரசாங்கத்தின் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். தோட்டச் சம்பளத்தை மாகாண சபை தீர்மானிப்பதில்லை, அது சம்பள நிர்ணய சபை வேலை. சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று வாக்குக் கேட்டு வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

நாவலப்பிட்டி மாமா:

பிள்ளைகளா, நான் எழுபது தாண்டியவன், மெதுவாகத்தான் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் பிறந்த எம்ஜிஆரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. நடிகர் நேரே போய் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மனிதர் திமுகவில் சேர்ந்தது 1953 இல். மேலவை உறுப்பினர் 1962 இல், சட்டமன்றம் 1967 இல், அப்புறம் கட்சிப் பொருளாளர், 1972 இல் வெளியே போட்டார்கள், 1977 இல்தான் முதலமைச்சர். எண்ணிப் பாருங்கள், இருபத்து நான்கு வருடம். சிவாஜியும் கட்சி தொடங்கி 1989 இல் திருவையாற்றில் நின்றார், தோற்றார். நடிப்பில் அவரைக் குறை சொல்ல யாரால் முடியும்?

ஆனால் இவ்வளவு தூரம் போவானேன், நம் மலைநாட்டில் முதல் குரலே பத்திரிகைக்காரன் குரல்தானே. கோ. நடேசய்யரை மறந்துவிட்டீர்களா? தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம், புடவை வியாபாரி போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனார் என்று எங்கள் அப்பா சொல்வார். தேசபக்தன் பத்திரிகை நடத்தினார், வெள்ளைக்காரர் காலத்துச் சட்டநிரூபண சபையில் இருந்தார், தொழிற்சங்கம் தொடங்கினார், பிறகு 1936 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதிக்கு அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையில். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டி அச்சடித்துத் தோட்டம் தோட்டமாகப் பாடினார், அன்றைக்கு யூடியூப் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1947 இல் தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளையும் எழுத்தாளர்தான், கவிஞர்தான். எழுதுகிறவன், பேசுகிறவன் போகக்கூடாது என்றால் இவர்கள் இரண்டு பேரையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? அடுத்த வருடமே குடியுரிமையைப் பறித்தார்கள், நம் ஆட்கள் போன வழியே அடைபட்டுப் போனது, அந்தக் கதை வேறு.

ஹட்டன் பழைய நிருபர்:

மாமா, நடேசய்யரைச் சொன்னது நல்லது, நான்தான் அவரை முதலில் சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்று. அவர் எழுதியது துரைமாரையும் கங்காணிமாரையும் எதிர்த்து, எழுதியதற்கு உதைதான் கிடைத்தது. இப்போது சேனலுக்கு விளம்பரம் வருகிறது. நம் தம்பியின் ஆள் வென்ற பிறகு அந்தச் சேனல் யார் கையில் இருக்கும்? அவரே வைத்துக்கொண்டால், தேர்தலில் மற்றவன் காசு கொடுத்து வாங்குகிற நேரம் இவருக்கு இலவசம். 2023 இல் தேர்தல் செலவுக்கு வரம்பு வைத்துச் சட்டம் வந்தது, ஆனால் சொந்தச் சேனலில் தினம் ஒரு மணி நேரம் பேசுவதை யார் செலவுக் கணக்கில் எழுதப் போகிறார்கள்? அது போகட்டும். நாளைக்கு இவரே உறுப்பினராகி, உங்கள் பீலிக்கரையில் மறுபடியும் தண்ணீர் நின்றால், போனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? உங்கள் பக்கத்தில் அப்படி வேறு ஒருவர் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லையே. எனக்கு அதுதான் பயம், அவர் நல்ல உறுப்பினராக இருக்க மாட்டார் என்பதில்லை.

பதுளை மச்சான்:

இது நான் யோசிக்காத பக்கம். ஆனாலும் 2024 இல் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் இரண்டு மலையகப் பெண்கள் முதல் தடவையாகப் பாராளுமன்றம் போனார்கள், டிவி முகமும் கிடையாது, பெரிய குடும்பப் பெயரும் கிடையாது. அவர்கள் கட்சிக்கு அலை அடித்தது, போனார்கள், அது உண்மை. ஆனால் முகம் இல்லாமலும் போக முடியும் என்று தெரிந்துபோனது. அப்படியானால் நான் மேலே எழுதியதையே நான் கொஞ்சம் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. மாற்றவில்லை, யோசிக்கிறேன்.

லிந்துலைத் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. மாமா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், நடேசய்யர் பெயரைக் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். அக்கா சொன்ன கேள்வியையும் அண்ணன் சொன்ன கேள்வியையும் சேர்த்து அந்த யூடியூப்காரருடைய கடைசி வீடியோவுக்குக் கீழே போட்டேன்: மாகாண சபைக்கு என்ன அதிகாரம், நீங்கள் வென்றால் சேனலை யார் நடத்துவது?

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. "அருமையான கேள்வி தம்பி, சனிக்கிழமை லைவில் விரிவாகப் பேசுவோம், மறக்காமல் சப்ஸ்கிரைப் பண்ணுங்கள்."

சபை ஆபீஸ் அக்கா:

லைவ் எத்தனை மணிக்கு? நானும் வருகிறேன்.