பொருள்: ஃபங்ஷனல் கியூர் – தமிழில் எப்படி?

அன்பர்களே, வணக்கம்.

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி (வைரஸால் வரும் ஈரல் அழற்சி) பற்றிய நோயாளர் கையேடு. திங்களன்று கொடுத்தாக வேண்டும். 'ஃபங்ஷனல் கியூர்' என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன். மருந்தை நிறுத்தி 24 வாரம் கழித்தும் இரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்), வைரஸ் டிஎன்ஏ இரண்டும் தென்படாத நிலை அது. டெனோஃபோவிர் மாத்திரை வைரஸை அடக்கிவைக்கும், ஆனால் ஆன்டிஜென் அகல்வது அபூர்வம். பெபிரோவிர்சென் போன்ற புது ஊசிகள் அதைத்தான் குறிவைக்கின்றன. 'செயல்பாட்டுக் குணம்' எனலாமா?
– க.மு.

> செயல்பாட்டுக் குணம்

எதன் செயல்பாடு? ஈரலுடையதா? போதாததற்கு, குணம் வடசொல். 'செயனிலைத் தீர்வு' என்க. (செயல்நிலை அல்ல, நன்னூலைப் பார்க்க.)
– ப.செ.

ஐயா, செயனிலையைப் படித்து முடிப்பதற்குள் நோயாளி எழுந்து போய்விடுவார். 'தீர்வு' ஆபத்தும்கூட. ஈரல் செல்லின் உட்கருவில் வைரஸின் மூடிய வட்ட டிஎன்ஏ பதுங்கியே இருக்கும். பின்னாளில் வேறு நோய்க்கு ரிட்டுக்சிமாப் (நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து) கொடுத்தால் வைரஸ் மறுபடி தலையெடுக்கலாம். ஈரல் புற்று அபாயமும் குறையுமே தவிர அறவே போகாது. தீர்ந்தது என்று அச்சடித்தால் யார் பரிசோதனைக்கு வருவார்கள்?
– மரு. இ.

மருத்துவர் சொன்னதைக் குறள் 948 அன்றே சொல்லிவிட்டது: 'அதுதணிக்கும் வாய்நாடி'. தீர்க்கும் என்றா இருக்கிறது? ஆகவே 'தணிவு'. தண் என்பது குளிர்ச்சி. தண்ணீர், தண்மை, தணிதல் எல்லாம் ஒரு குடும்பம். அப்படியானால் தணல் எங்கிருந்து வந்தது என்று நெடுநாளாக யோசிக்கிறேன்...
– வே.

தணலைப் பிறகு ஊதுவோம். 'தணிவு' புற்றுநோய்க் கையேடுகளில் ரெமிஷனுக்கு, அதாவது நோய் அடங்கிய நிலைக்கு, போய்விட்டது. மேலும், 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்றவரும் வள்ளுவர்தானே, ப.செ. ஐயா?
– சு.

அங்கே குணம் என்றால் பண்பு. நோய் நீங்கும் பொருள் பிற்காலத்தது.
– ப.செ.

'நடைமுறைக் குணம்' என்று வைத்து, அடியில் 'வைரஸ் உடலில் உறங்கலாம். பரிசோதனையை நிறுத்தாதீர்கள்' என்று ஒரு வரி சேருங்கள். வட்ட டிஎன்ஏவும் அழிந்தால் 'முழுக் குணம்'. அதற்கு இன்னும் மருந்தில்லை.
– மரு. இ.

சு., வே. இருவரும் சரி என்கிறார்கள் (வே. அரைமனதாக). அப்படியே அனுப்புகிறேன்.
– க.மு.

குணம் என்றே அச்சேறுமானால் நன்றிப் பக்கத்தில் என் பெயர் வேண்டாம். அதிருக்கட்டும், பிறபொருளெதிரியாக்கி என்ற தமிழ்ச்சொல் இருக்க ஆன்டிஜென் எதற்கு?
– ப.செ.

அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா.
– சு.