படகின் சிவப்புப் பெயின்ட் சுரண்டல் தூளை எங்கே கொடுப்பது? உதவி தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் படகுகளைக் கரையேற்றி அடிப்பகுதி சுரண்டும் வேலை நடக்கும். கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டாமலிருக்க அடிக்கும் அந்தச் சிவப்புப் பெயின்டில் பெரும்பாலும் கியூப்ரஸ் ஆக்சைடுதான், அதாவது செம்புச் சேர்மம்.

உலர்வாகத் தேய்ப்பதுதான் பெரிய ஆபத்து. தூள் மூச்சில் போனால் தொண்டை எரியும், வாயில் உலோகச் சுவை வரும், குமட்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூளைத் தடுக்காது. என்95 முகக்கவசமும் மூடிய கண்ணாடியும் கட்டாயம். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாகவே தேய்க்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு, மருத்துவரைப் பார்க்க வேண்டும். கை கழுவாமல் பீடியோ சோறோ தொடக் கூடாது.

படகுக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத் தூளைப் பிடித்துவிடலாம். கழுவிய நீரை டிரம்மில் தெளியவிட்டால் கசடு அடியில் தங்கும். அதை மணலில் கொட்டினால் மழையில் மன்னார் வளைகுடாவுக்கே போகும். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே சிப்பி, இறால் குஞ்சுகளைக் கொல்லும். எரிக்கவும் கூடாது.

சிக்கல் இங்கேதான். சாக்கில் கட்டிய கசடை அபாயக் கழிவாக முறைப்படி வாங்குவோர் நம் ராமநாதபுரம் மாவட்டத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கிறார்களா? குறைந்தபட்சம் எத்தனை கிலோ கேட்கிறார்கள்? பல படகுகளுடையதைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் நடைமுறையைச் சொல்லுங்கள். செம்பில்லாத பூச்சை ஃபைபர் வள்ளத்தில் அடித்துப் பார்த்தவர்கள், எத்தனை மாதம் தாங்கியது என்றும் எழுதுங்கள்.