டிசம்பர் 3 நிகழ்வு: வாசலில் இரண்டு படி, என்ன செய்யலாம்?

காலிவீதி:
வணக்கம். சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், மாற்றுத்திறனாளிகளின் பெருமையைக் கொண்டாடும் மாலை நிகழ்வு செய்யப்போகிறோம். பேசுவதும் பாடுவதும் நடத்துவதும் மாற்றுத்திறனாளிகள்தான். வாசலில் 7 அங்குலப் படி இரண்டு. மண்டபக்காரர் சீமெந்து வேலைக்கு விடமாட்டாராம். "நாலு பொடியன்கள் நின்றால் தூக்கிவிடலாம்" என்கிறார். கழற்றக்கூடிய சாய்தளம் செய்யலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

உளிச்சத்தம்:
தூக்கும் யோசனையை விடுங்கோ. மோட்டார் பூட்டிய சக்கர நாற்காலிகள் சில ஆள் இல்லாமலே 100 கிலோவைத் தாண்டும். சாதாரண நாற்காலியில் கைதாங்கியைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்று கையோடு வரும். பலவற்றில் அது கழற்றுவதற்கென்றே பூட்டியது. நாலு பேரைத் தேடிப்பிடித்தால்தான் வீட்டுக்குப் போகலாம் என்றால் யார் பெருமையோடு இருப்பது?

சாய்வு 1:12ஐவிடச் செங்குத்தாகக் கூடாது. 14 அங்குல உயரத்துக்குக் குறைந்தது 14 அடி நீளம். 8×4 அடி பிளைவூட் இரண்டை வெட்டாமல் போட்டால் 16 அடி வரும், ஏறுவதும் இலகு. முன்னால் அவ்வளவு இடம் இல்லையென்றால் நடுவில் 5×5 அடி தட்டையான மேடை வைத்து 'எல்' வடிவில் திருப்புங்கோ. மேலே கதவுக்கு முன்னும் அதே அளவு சமதளம் வேண்டும், கதவு சாய்தளத்தின் பக்கம் திறக்கக்கூடாது.

18 மி.மீ. மரைன் பிளைவூட், அடியில் 16 அங்குலத்துக்கு ஒரு 4×2 மரச்சட்டம். இரு ஓரத்திலும் 4 அங்குல உயரத்தில் கட்டை, இல்லாவிட்டால் முன்சக்கரம் வெளியே இறங்கிவிடும். கைப்பிடி 34 முதல் 36 அங்குல உயரத்தில், இரண்டு பக்கமும்.

வழமையாகப் பிழைப்பது கீழ்முனைதான். பலகையின் 18 மி.மீ. விளிம்பில் முன்சக்கரம் முட்டி நிற்க, ஆள் முன்னால் சரிவார். விளிம்பைச் சீவி, மேலே 3 மி.மீ. இரும்புத் தகடு திருகுங்கோ. கம்பளம் விரிக்கவே வேண்டாம். மழையில் ஊறிச் சுருண்டுவிடும். பெயின்ற் ஈரமாக இருக்கும்போது கழுவிக் காயவைத்த மணலைத் தூவி, காய்ந்தபின் இன்னொரு பூச்சு.

மலசலகூடத்தையும் அளவுநாடாவோடு போய்ப் பாருங்கோ. கதவு திறந்தபின் 32 அங்குலம் வேண்டும். கதவு உள்ளே திறந்தால் நாற்காலி உள்ளே நிற்கக் கதவு மூடாது. பிணைச்சலை மாற்றி வெளியே திறக்கச் செய்வது அரைநாள் வேலை. பல மண்டபங்களில் "விசேட" மலசலகூடம் விளக்குமாறும் வாளியும் அடுக்கிப் பூட்டிக்கிடக்கும். சாவி யாரிடம் என்று இப்போதே கேளுங்கோ.

விசைப்பலகை:
அழைப்பிதழ் எந்த எழுத்துருவில்? பாமினியில் தட்டினால் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) அதை ஆங்கில எழுத்துக் குவியலாக வாசிக்கும், ஏனெனில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யுனிகோட்டில் தட்டுங்கோ, என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் அதைத் தமிழில் வாசிக்கும். வட்ஸ்அப்பில் வெறும் படமாக அனுப்பினால் திரைவாசிப்பான் அதைச் சரியாக வாசிக்காது. கீழே முழு விபரத்தையும் எழுத்தில் போடுங்கோ: எத்தனை படி, சாய்தளம் உண்டா, மலசலகூடக் கதவின் அகலம், ஓட்டோ எங்கே நிற்கலாம். குறை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கோ. வருவதா இல்லையா என்று வருகிறவர் முடிவெடுக்கட்டும்.

சைகைமொழி உரைபெயர்ப்பாளர் இருவர் வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள. ஒருவரே தொடர்ந்தால் களைத்து, சொல்வது குறையும். அவர்களுக்குப் பின்னால் யன்னல் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டடித்துவிடும். உரைகளையும் பாட்டு வரிகளையும் முன்கூட்டியே கொடுங்கோ. எந்தச் சைகைமுறை தங்களுக்கு விளங்கும் என்று வரவிருக்கும் செவிப்புலனற்றோரிடமே கேட்டு ஆளைப் பிடியுங்கோ.

நிரல்:
மாற்றுத்திறனாளிகள் பெருமைக் கொடி அச்சடிப்பதென்றால் பழைய மின்னல் கோட்டு வடிவத்தை எடுக்காதேங்கோ. மாற்றுத்திறனாளியான ஆன் மகில் 2019இல் வரைந்த அது திரையில் உருளும்போது மினுங்கி, வலிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களைத் தாக்கியது. 2021இல் மங்கிய நிறங்களில் நேரான சாய்கோடுகளாக மாற்றினார்கள்.

நிகழ்ச்சியில் பரிசுப்பொதி வழங்கல் இருந்தால் எடுத்துவிடுங்கோ. பிரமுகர் கொடுக்க, மாற்றுத்திறனாளி வாங்க, படம் எடுக்க என்று ஒரு வரி வந்தாலே மற்ற எல்லாம் அடிபட்டுப்போகும். பேசுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் மற்றக் கலைஞர்களைப் போலவே பணம் கொடுங்கோ, போக்குவரத்துச் செலவு வேறாக.

மண்டபக்காரரிடம் இதைத் தயவாகக் கேட்கத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களின் அணுகுவசதிக்கு 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்றுறுதிப்படுத்தியது.

காலிவீதி:
நன்றி. மேடை 3 அடி உயரம். அதற்கும் சாய்தளமா?

உளிச்சத்தம்:
அதற்கு 36 அடி வேண்டும், மண்டபத்துக்குள் அடங்காது. மேடையைத் திரைபோட்டு மூடிவிட்டு எல்லாரும் தரையிலிருந்தே பேசட்டும். ஒருவர் மட்டும் கீழே, மற்றவர்கள் மேலே என்று விடாதேங்கோ. ஒலிவாங்கித் தாங்கி இருந்தபடி பேசும் உயரத்துக்கு இறங்குமா என்று பாருங்கோ. சக்கர நாற்காலிக்கு 3 அடி அகல இடைவெளி, ஒரே வரிசையில் குவிக்காமல் வெவ்வேறு வரிசைகளில். அப்பதான் கூட வந்தவர் பக்கத்தில் இருக்கலாம். தரையில் நாடா ஒட்டி அடையாளம் போடுங்கோ, இல்லாவிட்டால் கதிரை அடுக்குகிறவர் வெற்றிடம் என்று நினைத்து நிரப்பிவிடுவார்.