ஆறு கறுப்புச் சதுரம்

[ஞாயிறு, காலை 7:04]
சித்தப்பா: (பகிர்ந்த செய்தி) ஆர்டிஎக்ஸ் 5080 சூப்பர், 24 ஜிபி நினைவகத்தோடு வரப்போகிறது! இப்போது கார்டு வாங்கினால் வருத்தப்படுவீர்கள்!

[7:05]
சித்தப்பா: சின்னவன் கிராபிக்ஸ் கார்டு தேடிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணச் சொல்லுங்கள்.

[7:31]
தம்பி: படித்தேன் சித்தப்பா. இதே செய்தியைப் போன வருடத்திலிருந்தே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்காகத்தான் வாங்காமல் காத்திருக்கிறேன்.

[7:33]
அக்கா: காத்திருப்பது இருக்கட்டும். அனிமேஷன் வகுப்பில் குறும்படம் எப்போது கொடுக்க வேண்டும்?

[7:33]
தம்பி: 19 நாள் இருக்கிறது அக்கா.

[7:34]
அக்கா: எவ்வளவு முடிந்திருக்கிறது?

[7:40]
தம்பி: எல்லாம் முடிந்தது. சந்தைக் காட்சி மட்டும் ரெண்டர் ஆகவில்லை, அதாவது கணினி அதைப் படமாக வரைந்து முடிக்கவில்லை. பாதியில் நினைவகம் போதவில்லை என்று முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் நின்றுவிடுகிறது.

[7:52]
நான்: இரு, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சித்தப்பா அனுப்பியது. நேற்று கார்டைப் பிரித்து வெப்பம் கடத்தும் பேஸ்ட் மாற்றினாயே, ஒரு படம் எடுத்தாயல்லவா? அதை இங்கே போடு.

[7:55]
தம்பி: (படம்)

[7:56]
நான்: நடுவில் பளபளப்பாக இருப்பது கிராபிக்ஸ் சிப். அதைச் சுற்றிக் கறுப்பாகச் சதுரம் சதுரமாக இருக்கின்றனவே, எத்தனை?

[7:57]
தம்பி: ஆறு.

[8:03]
நான்: அந்த ஆறும் நினைவகச் சிப்புகள். ஒவ்வொன்றும் நடுச் சிப்போடு 32 பிட் அகலத்தில் பேசுகிறது. ஆறு முப்பத்திரண்டு 192. உன் ஜிடிஎக்ஸ் 1060-ஐ 192 பிட் கார்டு என்று சொல்வது இதை வைத்துத்தான். ஒரு சதுரத்தில் 1 ஜிபி, ஆறுக்கு 6 ஜிபி. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5070-ஐப் பிரித்தாலும் ஆறு சதுரம்தான் இருக்கும், அதுவும் 192 பிட். ஒவ்வொன்றிலும் 2 ஜிபி இருப்பதால் 12. 5080-ல் எட்டுச் சதுரம், 256 பிட், 16 ஜிபி.

[8:04]
தம்பி: அப்படியானால் 24 என்பது எட்டு மூன்று!

[8:09]
நான்: அதேதான். பலகையின் ஒரே பக்கத்தில் சதுரத்தின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் நடுச் சிப்பையே மாற்றி வடிவமைக்க வேண்டும். அது பெரிய வேலை. 2 ஜிபி சிப்பை எடுத்துவிட்டு 3 ஜிபி சிப்பை வைப்பது அந்த அளவுக்குப் பெரிய வேலை இல்லை. 5070-க்கு இதையே செய்தால் 18. அதனால்தான் வருகிற வதந்தியெல்லாம் 18, 24 என்றே வருகிறது. 3 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகச் சிப் கற்பனையும் இல்லை. லேப்டாப்பில் வரும் 5090-க்கு 24 ஜிபி கிடைத்தது அதனால்தான். தொழில்முறைக் கார்டான ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல்லில் பலகையின் இரண்டு பக்கமும் சேர்த்து 32 சிப். முப்பத்திரண்டு மூன்று 96 ஜிபி.

[8:10]
சித்தப்பா: அப்போது நான் அனுப்பியது உண்மைதான்.

[8:18]
நான்: கணக்கு சரியாக இருக்கிறது சித்தப்பா, ஆனால் வரும் தேதி அந்தக் கணக்கில் இல்லை. 2026 ஜனவரி சிஇஎஸ் கண்காட்சியில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இந்தக் கார்டுகளின் சிப்பைச் செய்யும் என்விடியா டெஸ்க்டாப்புக்குப் புதிய கார்டு எதையும் அறிவிக்கவில்லை. டிஎல்எஸ்எஸ் 4.5 என்று, படத்தை ஏஐ-யால் தெளிவாக்கும் மென்பொருளைத்தான் காட்டினார்கள். இன்னொரு பக்கம் ஏஐ தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. சாதாரண வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வியாபாரத்தையே விட்டு விலகுகிறோம் என்று நினைவகம் தயாரிக்கும் மைக்ரான் 2025 டிசம்பரில் சொன்னது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நிறுவனம் 3 ஜிபி சிப்பை 96 ஜிபி கார்டில் வைக்குமா, நம் வீட்டுக் கார்டில் வைக்குமா? என் கணிப்பு, சூப்பர் வந்தால் தாமதமாக வரும், வந்ததும் எளிதில் கையில் கிடைக்காது. இது என் கணிப்பு மட்டுமே.

[8:21]
தம்பி: வேறு கம்பெனியான ஏஎம்டி பக்கம் பார்க்கலாமா அண்ணா? ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 16 ஜிபி. அடுத்த தலைமுறை இன்னும் பெரிதாக இருக்கும் என்கிறார்கள்.

[8:44]
பெரியண்ணன்: இப்போதுதான் எழுந்து எல்லாவற்றையும் படித்தேன். அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்காதே. 2025 அக்டோபரில் ஏஎம்டியும் சோனியும் சேர்ந்து வருங்காலச் சிப்புகளுக்கு ரேடியன்ஸ் கோர், நியூரல் அரே என்று சிலவற்றை அறிவித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது அவை சிமுலேஷனில் மட்டுமே இருக்கின்றன என்று அவர்களே சொன்னார்கள். உன் படத்துக்கு 19 நாள்.

[8:58]
பெரியண்ணன்: எல்லோரும் வரப்போகும் சிப்பையே பேசுகிறீர்கள். அந்தச் சிப்பை எத்தனை வருடம் மென்பொருள் தாங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னவனின் 1060-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்கல் தலைமுறை, 2016. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில், என்விடியாவின் 580 வரிசைதான் அதற்குக் கடைசி. விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். 2025 ஆகஸ்டில் வந்த க்யூடா 13-ம் (கார்டில் கணக்கு ஓட்ட என்விடியா தரும் மென்பொருள்) பாஸ்கலைக் கைவிட்டுவிட்டது, அதில் 2018-ல் வந்த தூரிங் தலைமுறை முதல்தான். ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம் அதே வருட டிசம்பரில் 590 டிரைவருக்கு மாறியபோது பாஸ்கல் கார்டு வைத்திருந்தவர்கள் பழைய டிரைவரைத் தனியாகத் தேடிப் போட வேண்டி வந்தது. ஒன்பது வருடம் தாங்கியது, அது நல்ல ஆயுள்தான். ஆனால் நாளை புதிதாக வரும் மென்பொருள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

[9:00]
அக்கா: அப்படியானால் இந்தக் கார்டு இன்றோடு வேலை செய்யாதா? தெளிவாகச் சொல்லுங்கள், பயமுறுத்தாதீர்கள்.

[9:02]
பெரியண்ணன்: வேலை செய்யும். நேற்று ஓடியது இன்றும் ஓடும். புதியதற்குத்தான் சிக்கல்.

[9:06]
சித்தப்பா: என்னுடையது 2060. விண்டோஸ் 10. அதற்கு என்ன ஆகும்?

[9:13]
பெரியண்ணன்: உங்கள் கார்டுக்குக் கவலை இல்லை சித்தப்பா, அது தூரிங். 2018-ல் தொடங்கிய அந்தத் தலைமுறைக்கே 2025 ஜனவரியில் டிஎல்எஸ்எஸ் 4-ன் புதிய மாடல் கிடைத்தது. ஏழு வருடப் பழைய தலைமுறையில் படம் இன்னும் தெளிவானது, ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல். விண்டோஸ் 10-ஐத்தான் மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு விண்டோஸ் 10 டிரைவர் 2026 அக்டோபர் வரை தருவதாக என்விடியா சொல்லியிருக்கிறது. அதற்குள் மாற்றிவிடுங்கள். நான் வந்து செய்து தருகிறேன்.

[9:14]
சித்தப்பா: சரிப்பா.

[9:30]
தம்பி: பெரியண்ணா, ஏஎம்டி வாங்கினால் அதிக நாள் தாங்குமா?

[9:49]
பெரியண்ணன்: எந்த இயங்குதளம் என்பதைப் பொறுத்தது. லினக்ஸில் ஏஎம்டியின் டிரைவர் திறந்த மூலம். அதனால் கம்பெனிக்கு ஆர்வம் குறைந்தாலும் வேறு யாராவது தூக்கி நிறுத்துவார்கள். ரேடியான் எச்டி 7970 என்று ஒரு கார்டு, 2012-ல் கடைக்கு வந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 6.19 பதிப்பில் அந்தக் காலத்துக் கார்டுகளை இயல்பாகவே புதிய ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம் கூடுதல் அமைப்பு எதுவும் இல்லாமல் அதில் ஓடுகிறது. விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்துக்காக வேலை செய்யும் ஒருவர் இதற்காக உழைத்தார். பதினான்கு வருடப் பழைய கார்டுக்கு இப்படி ஒருவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

விண்டோஸில் நிலைமை வேறு. 2020-ல் வந்த ஆர்எக்ஸ் 6000 வரிசையைத் திருத்தம் மட்டும் தரும் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவதாக 2025 இறுதியில் செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் விளையாட்டு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி விளக்கம் கொடுத்தது. டிஎல்எஸ்எஸ் போலவே படத்தைத் தெளிவாக்கும் எஃப்எஸ்ஆர் 4-ஐயும் 9000 வரிசைக்கு மட்டும் என்றுதான் வெளியிட்டார்கள்.

[9:55]
நான்: புதியது வாங்கினாலும் பழைய ஆதரவு போகலாம், அதையும் சேர்த்துக்கொள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 32 பிட் க்யூடாவை எடுத்தார்கள். அதோடு சில பழைய விளையாட்டுகளின் பிஸ்எக்ஸ் வேலை (பொருள்களின் அசைவைக் கணக்கிடுவது) முழுவதும் கணினியின் பொதுச் செயலியான சிபியு தலையில் விழுந்தது. 2025 டிசம்பர் டிரைவரில் குறிப்பிட்ட சில விளையாட்டுகளுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தார்கள்.

[9:57]
தம்பி: இன்டெல் ஆர்க் பி580? 12 ஜிபி இருக்கிறதே.

[10:04]
நான்: நல்ல கார்டு. 2022-ல் முதல் ஆர்க் வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 காலத்துப் பழைய விளையாட்டெல்லாம் திணறியது, பிறகு டிரைவரை மாற்றி மாற்றியே தேற்றிவிட்டார்கள். ஆனால் அதற்கு மதர்போர்டில் ரீசைசபிள் பார், அதாவது சிபியு கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுகும் வசதி, இருக்க வேண்டும். உன் போர்டின் பயாஸில் நானே தேடினேன், இல்லை. விட்டுவிடு.

இன்னொன்று, மின்சாரம். உன் 1060 இழுப்பது 120 வாட். 5070 இழுப்பது 250. அதற்கு 650 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறார்கள், 5080-க்கு 850. உன்னிடம் இருப்பது 450. ஆகவே கார்டோடு பவர் சப்ளையும் மாற்ற வேண்டும். கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கேபிளை மாட்டும்போது நான் பக்கத்தில் இருப்பேன். போன வருடம் என் கணினியில் அரை மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் ரெண்டர் நடுவில் பிளாஸ்டிக் வாடை. கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு பின் பழுப்பேறிக் கிடந்தது. அன்று நான் அறையில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

[10:06]
அக்கா: இதை ஏன் அப்போதே சொல்லவில்லை? இனிமேல் ரெண்டர் போட்டுவிட்டு யாரும் தூங்கப் போக வேண்டாம்.

[10:20]
நான்: சரி அக்கா. தம்பி, இப்போது உன் சந்தைக் காட்சிக்கு வா. பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள், அதாவது டெக்ஸ்சர், எத்தனை? என்ன அளவு?

[10:34]
தம்பி: எண்ணிப் பார்த்தேன். 80. எல்லாம் 4கே.

[10:47]
நான்: 4096-ஐ 4096-ஆல் பெருக்கு, ஒரு புள்ளிக்கு 4 பைட். ஒரு படத்துக்கு 64 எம்பி. டிஸ்கில் ஜேபெக்காகச் சிறியதாகத் தெரியும், ஆனால் கார்டின் நினைவகத்தில் விரித்துத்தான் வைக்க வேண்டும். 80 படத்துக்கு 5120 எம்பி, அதாவது 5 ஜிபி. மிச்சம் இருக்கிற 1 ஜிபியில் சந்தை மொத்தமும், திரையும், விண்டோஸும் எப்படி அடங்கும்?

படத்தின் நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்கினால் அளவு கால்வாசி. 2கே என்றால் ஒன்றுக்கு 16 எம்பி, 80-க்கு 1280. ரெண்டர் அமைப்பில் சிம்பிளிஃபை பகுதியைத் திற. அதில் டெக்ஸ்சர் லிமிட் இருக்கும். ரெண்டருக்கு 2048 வை. கேமராவுக்கு ஒட்டினாற்போல இருக்கும் பொருளின் டெக்ஸ்சர் மங்கினால் என்னிடம் சொல். அந்தப் பொருளை மட்டும் தனியாக ரெண்டர் செய்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

[10:48]
தம்பி: இப்போதே பார்க்கிறேன்.

[10:58]
நான்: கார்டு விஷயத்தில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். படத்தைக் கொடுத்துவிட்டு வா, அதுவரை எந்த வதந்தியையும் திறக்காதே. அதற்குப் பிறகு நீ எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறாய், அது எந்தக் கார்டை எத்தனை வருடம் தாங்கும் என்பதிலிருந்து தொடங்குவோம். பிளெண்டரின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸ், 2021-ல் 3.0 வந்தபோது, கார்டில் கணக்கு ஓட்டும் ஓப்பன்சிஎல்லை விட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த பழைய ஏஎம்டி கார்டுகள் அன்றோடு சிபியு ரெண்டருக்குத் திரும்பின. அந்தக் கார்டுகளில் ஒரு பழுதும் இல்லை. அது உனக்கு நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன். அன்றைக்குக் கடையில் உண்மையிலேயே இருக்கிற 16 ஜிபி கார்டுகளை வைத்து முடிவெடுப்போம். சூப்பர் வந்திருந்தால் அதையும் பார்ப்போம்.

[11:02]
பெரியண்ணன்: நானும் அதையே சொல்கிறேன். பழைய 1060-ஐத் தூக்கிப் போடாதே, எனக்குக் கொடு. 580 டிரைவரோடு ஒரு சோதனை மெஷினில் வைத்துக்கொள்கிறேன்.

[11:41]
தம்பி: (படம்)

[11:41]
தம்பி: முதல் ஃபிரேம் முழுவதும் வந்துவிட்டது! 3.9 ஜிபி காட்டுகிறது. பூக்கூடை மட்டும் கொஞ்சம் மங்கல்.

[11:42]
அக்கா: அந்தப் பூக்கூடைக்காரி நம் பாட்டி போலவே இருக்கிறாள்.

[11:43]
தம்பி: பாட்டிதான் அக்கா.

[11:46]
சித்தப்பா: பூக்கூடையை மங்க விடாதே தம்பி.

[11:47]
நான்: அதைத் தனியாக 4கே-யில் போடுவோம். சாப்பிட்டுவிட்டு கோப்பை அனுப்பு.