முதல் சம்பளமும் பன்னிரண்டு மாதக் கணக்கும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

வங்கியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். பிறர் பணத்தை எண்ணிக் கொடுத்தே பழகியதால், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எளிது என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை என் அண்ணன் மகன் எனக்கு உணர்த்தினான்.

2022 ஜூன் மாதம் அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வருங்கால வைப்பு நிதி பிடித்தம் போக, கைக்கு 28,000 ரூபாய் வந்தது. குரோம்பேட்டையில் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கினான். குடியோ ஊதாரித்தனமோ இல்லாத பிள்ளை. இருந்தும் செப்டம்பருக்குள் மூன்று பேரிடம் கைமாற்று வாங்கியிருந்தான். ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவனிடம் நான் எடுத்த எடுப்பில் தேநீர்க் கடையையும் கைப்பேசியில் வரவழைக்கும் சாப்பாட்டையும் குறை சொன்னேன். "அத்தை, நீங்களே கணக்குப் பாருங்க" என்று அவன் தன் வங்கிக் கணக்கு விவரத்தை என் முன் வைத்தான்.

இருவரும் திண்ணையில் அமர்ந்து பழைய நோட்டின் பின்பக்கங்களில் எழுதத் தொடங்கினோம். கைப்பேசி வழியாக ஒரே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தொகைகளைச் செலுத்தியிருந்தான். கூட்டிப் பார்த்தபோது அவை 4,300 ரூபாயைத் தாண்டவில்லை. வாடகைப் பங்கு, சாப்பாடு, பயணம், வீட்டுக்கு அனுப்பும் 7,000 ரூபாய் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் மாதச் சம்பளத்துக்குள் அடங்கத்தான் செய்தது. அவனைக் கடனாளியாக்கியவை மாதந்தோறும் வராத செலவுகள். அவற்றுக்கு அவன் போட்ட கணக்கில் இடமே இருக்கவில்லை.

எனவே ஓர் ஆண்டை முழுதாக எடுத்துக்கொண்டோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் அவன் பங்கு 900 வீதம் 5,400 ரூபாய். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா ஆகியவற்றுக்கு வந்துபோக 6,600. வண்டியின் காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் 5,000. துணிமணிக்கு 6,000. அக்காவுக்குத் தீபாவளி வரிசை 3,000. அம்மாவின் கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் 3,000. கடைசியாக மொய். இதை அவன் அப்பா, அம்மாவின் பொறுப்பு என்றே எண்ணியிருந்தான். அண்ணி மொய் நோட்டை எடுத்துவந்து, அவன் அக்காள் திருமணத்தில் யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று படித்துக் காட்டினார். வரும் ஆவணியிலும் தையிலும் திருப்பிச் செய்ய வேண்டிய வீடுகள் நான்கு இருந்தன. 1,001 எழுதியவருக்கு அதே தொகையைத் திருப்பி எழுதினால் மரியாதையாக இருக்காது என்பதையும் அவர்தான் விளக்கினார். இனி அந்தக் கடமையில் பாதியைத் தானே ஏற்பதாக அவன் சொன்னான். அதற்கு 7,000 என்று குறித்துக்கொண்டோம்.

கூட்டினால் 36,000 ரூபாய். அதாவது மாதம் 3,000. "அப்படின்னா என் சம்பளம் 28,000 இல்ல, 25,000தான் அத்தை" என்று அவன் சொன்னான். அவ்வளவு நேரம் பேசியதில் அவன் மனத்தில் ஆழப் பதிந்தது அதுவே என்று நினைக்கிறேன்.

அந்த 3,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் தேதி தானாகவே வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுக்கச் சொன்னேன். அந்தக் கணக்குக்கு அட்டையும் கிடையாது, கைப்பேசிச் செயலியோடு இணைப்பும் கிடையாது. அஞ்சலகத் தொடர் வைப்பில் போடலாமே என்று அண்ணன் கேட்டார். அது ஐந்து ஆண்டுத் திட்டம். ஆண்டுக்குள்ளேயே எடுத்துச் செலவழிக்க வேண்டிய பணத்துக்கு அது பொருந்தாது என்று மறுத்துவிட்டேன். முதல் ஆண்டு சிக்கலின்றிக் கழியவில்லை. பணம் சேர்வதற்குள் தை மாதத் திருமணங்கள் வந்துவிட்டன. நான் 4,000 ரூபாய் வட்டியில்லாமல் கொடுத்து, மாதம் 1,000 வீதம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அத்தை தானே என்று அவன் அம்மா தடுத்தபோதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 2024 தீபாவளிக்கு அக்காவின் வரிசையை அவன் அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தான்.

கோவையிலிருந்து:

வேலைக்குச் சென்ற பிறகு சொல்லிக்கொடுப்பதைவிட, வீட்டில் இருக்கும்போதே பொறுப்பைக் கையில் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் அனுபவம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகளிடம், 2024 கோடை விடுமுறையில், மளிகை, பால், காய்கறி, எரிவாயு உருளை, மின் கட்டணம் ஆகியவற்றுக்காக இரண்டு மாதப் பணத்தை ஒன்றாகக் கொடுத்தோம். குறைந்தால் கூடுதலாகத் தரமாட்டோம், மிஞ்சினால் அவளுக்கு.

ஏப்ரலில் தாராளமாக வாங்கிவிட்டாள். எரிவாயு உருளை தீரும் நாளை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. மே முதல் வாரத்தில் அது தீர்ந்தபோது கையிருப்பு பெரிதும் கரைந்துவிட்டது. என் மனைவி அவளுக்குத் தெரியாமல் 1,000 ரூபாயை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைக்கப் போனார். நான் தடுத்தேன். அன்று எங்கள் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு மகளே மின் அளவியைப் பார்க்கத் தொடங்கினாள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அன்றைய கட்டண முறைப்படி, பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் என்பதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விகிதம் இரு மடங்காகிவிடும் என்பது அவளுக்குப் புதிய செய்தி. 52ஆம் நாள் கணக்கு 446இல் நின்றது. நாளொன்றுக்கு 8 யூனிட் ஓடினால் 510ஐத் தொடும் என்று அவளே கணக்கிட்டு, குளிர்சாதனத்தை இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று எங்களிடம் சொன்னாள். கத்திரி வெயில் நேரம். பாட்டியும் தம்பியும் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கேட்டுக்கொண்டார்கள். அந்த முறை 494 யூனிட்டில் முடிந்தது. அவள் கையில் மிஞ்சியது 140 ரூபாய். இன்றுவரை மாதம் ஒருமுறை அளவியைப் பார்த்துச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைப்பது அவள்தான்.

சேலத்திலிருந்து:

எனக்கு 26 வயது. கடன் அட்டையால் பாடம் கற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். 2023இல் என் அட்டைக்கு 40,000 ரூபாய் நிலுவை வந்தது. குறைந்தபட்சத் தொகை என்று 2,000 ரூபாய் போட்டிருந்ததால், அதைக் கட்டினால் போதும் என்று நம்பினேன். நான்கு மாதங்கள் அவ்வாறே கட்டினேன். நிலுவை ஏறத்தாழ அப்படியே இருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. மாத அறிக்கையை அச்செடுத்து வரச் சொல்லி, பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். மாதம் 3.5 சதவீத வட்டியும் அந்த வட்டியின் மீது 18 சதவீத வரியும் சேர்ந்து 1,600 ரூபாய்க்கு மேல் போய்விடும். நான் கட்டிய 2,000இல் அசலுக்குச் சேர்வது 400 ரூபாய் கூட இல்லை. முழு நிலுவையையும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஆண்டுக்கு 42 சதவீத வட்டியைச் சுமப்பதைவிட நகைக் கடன் மேல் என்று முடிவெடுத்து, என் இரண்டு பவுன் சங்கிலியை வங்கியில் 10 சதவீதத்துக்கும் குறைவான வட்டிக்கு அடகு வைத்து அட்டைக் கடனை ஒரே தவணையில் அடைத்தேன். சங்கிலியை மீட்கப் பத்து மாதங்கள் ஆயின. அந்தப் பத்து மாதமும் கழுத்து வெறுமையாக இருந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் யாரிடமும் அதை மறைக்க வேண்டாம் என்று அப்பா சொன்னதால் மறைக்கவில்லை.

வரும் மாதம் என் தம்பிக்கு முதல் சம்பளம். திருச்சி அத்தை எழுதியிருக்கும் பன்னிரண்டு மாதப் பட்டியலை அவனுடன் அமர்ந்து எழுதப்போகிறேன். அம்மாவின் மொய் நோட்டை இப்போதே கேட்டு வாங்கி வைத்துவிட்டேன்.