செவ்வாய், வெள்ளி, பிறகு எல்லா நாளும் விரதம்

விடுதித் தோழி:
கோவையில் பொறியியல் இரண்டாமாண்டு படித்தபோது என் அறைத்தோழி செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருந்தாள். பிறகு சஷ்டி, பிரதோஷம், ஏகாதசி என ஒவ்வொன்றாகச் சேர்ந்து, மெஸ்ஸில் அவள் தட்டெடுக்கும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தபோதும் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. விரதம் இருப்பவளைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது பாவம் என்றல்லவா வளர்ந்திருக்கிறோம்? பொங்கலுக்கு ஊருக்குப் போனவளிடம், முன்பு "குண்டு" என்று கூப்பிட்ட அதே அத்தை, "இப்பத்தான் கல்யாணக் களை வந்திருக்கு" என்றாராம். அவள் பூரித்துப்போய்ச் சொன்னாள், நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்றும் என்னை உறுத்துகிறது.

சித்திரை வெயிலிலும் அவள் போர்வைக்குள் நடுங்கியதையும், மாதவிலக்கு நான்கு மாதமாக வராததையும் கண்ட பிறகே பயந்தேன். வீட்டில் நீர்க்கட்டி என்று முடிவு செய்திருந்தார்கள். எடை இன்னும் "சரியான" அளவில்தானே இருக்கிறது என்று நாங்கள் கேட்டதற்கு, குறுகிய காலத்தில் அவ்வளவு இறங்கியதே உண்ணுதல் கோளாறு (eating disorder) என்ற மனநல நோயின் அடையாளம் என்றும், சக்தி போதாத உடல் முதலில் மாதவிலக்கை நிறுத்திவிடும் என்றும் மனநல மருத்துவர் விளக்கினார். அன்றே பரோட்டா வாங்கிக்கொடுக்க நினைத்தவள் நான். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயமே பாதிக்கப்படலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் உணவைக் கூட்டினார்கள்.

பல் மருத்துவ மாணவர்:
எங்களிடம் பல் கூச்சம் என்று வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் எனாமல் தேய்ந்திருந்தது. காதுக்குக் கீழே கன்னங்கள் வீங்கியிருந்தன. பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டபோதுதான், சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்துவிடுவதை அவர் ஒப்புக்கொண்டார். உண்ணுதல் கோளாறின் இன்னொரு வடிவமான இதைப் பெண்களின் நோயாகவே தேர்வுக்குப் படித்திருந்த எனக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. வாந்தியெடுத்த உடனே பல் துலக்கினால் அமிலத்தில் இளகிய எனாமல் மேலும் தேயும் என்பதால், தண்ணீரால் மட்டும் கொப்பளிக்கச் சொல்லி, மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். நேரில் போகத் தயங்குவோர் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

விடுதித் தோழி:
அவள் தட்டை உற்றுப் பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார். போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது தோசைக்கு அவள் எழுந்து போனபோது, நான் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.