பாஸ்த்ரூ கார்டு: ஒப்படைப்பா, ஊடுசெல்லலா?

வணக்கம். மெய்நிகர் எந்திரத்துக்குள் டிபிடிகே (இயங்குதளத்தின் கெர்னலைத் தாண்டி, நிரலே நேரடியாகப் பிணையக் கார்டை இயக்க உதவும் தொகுப்பு) ஓட்டுவது பற்றிய பயிற்சிக் குறிப்பு தமிழில் தயாராகிறது. பாஸ்த்ரூவுக்கு, அதாவது கார்டை அப்படியே மெய்நிகர் எந்திரத்திடம் கொடுத்துவிடுவதற்கு, ‘ஊடுசெல்லல்’ என்று போட்டிருக்கிறோம். வகுப்புக்கு வரும் டிப்ளமா மாணவர்கள், பாக்கெட்தான் எதற்குள்ளோ ஊடுருவிப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வேறு சொல் இருக்கிறதா?
– புதுச்சேரி

> ஊடுசெல்லல்

வேண்டாம் சார், எதுவும் ஊடே போவதில்லை. ஹோஸ்ட் (அசல் கணினி) தன் டிரைவரைக் கார்டிலிருந்து கழற்றிவிட்டு, விஎஃப்ஐஓ-பிசிஐ என்ற ஒப்படைப்பு டிரைவரை மாட்டி, கார்டையே கெஸ்ட் (மெய்நிகர் எந்திரம்) கையில் கொடுத்துவிடுகிறது. ஆகவே ‘ஒப்படைப்பு’. ஐஓஎம்எம்யு (எந்தக் கருவி எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) ஒரே குழுவாகப் பார்க்கும் மற்ற கருவிகளையும் ஹோஸ்ட் டிரைவர்கள் விட்டாக வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு ஒப்படைக்க முடியாது.

ஆனால் உங்கள் குறிப்பில் ஒரே சொல் இரண்டு வேலையைச் செய்கிறது. கெஸ்ட் கெர்னல் அதே கார்டைத் தன் பயனர்வெளியில் (கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரல்கள் ஓடும் இடம்) உள்ள நிரலுக்குத் தருவது வேறு வேலை. பண்ருட்டியில் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் உள்குத்தகைக்கு விடுவதில்லையா, அது மாதிரி. இதற்கு ‘உள்ளொப்படைப்பு’ என்கலாம்.
– கடலூர்

> ஒரே சொல் இரண்டு வேலையைச் செய்கிறது

பிரித்தால் பிழை தேடுவதும் சுலபம். கியூஎமு (ஹோஸ்டில் மெய்நிகர் எந்திரத்தை ஓட்டும் மென்பொருள்) கிளம்பும்போதே டிஎம்ஏ மேப் (கார்டு நேரடியாகத் தொடும் நினைவகத்தைப் பதிவு செய்வது) ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று விழுந்தால் ஒப்படைப்பில்தான் கோளாறு: 8 ஜிபி கெஸ்ட் என்றால் அந்த 8 ஜிபியும் பூட்டப்படும், மெம்லாக் வரம்பு (ஒரு நிரல் பூட்டக்கூடிய நினைவகத்தின் உச்ச அளவு) அதற்கு மேல் இருக்க வேண்டும். கெஸ்ட் நன்றாக எழுந்து, உள்ளே விஎஃப்ஐஓ-பிசிஐ மாட்டும்போது பிழை -22 வந்தால் அது உள்ளொப்படைப்பின் கோளாறு. பெரும்பாலும் கெஸ்டுக்குள் ஐஓஎம்எம்யு இல்லாததுதான் காரணம்.

கெஸ்டுக்குள் ஐஓஎம்எம்யு வர, கியூஎமு கட்டளையில் இவை வேண்டும்: கியூ35 எந்திர வகை, இர்க்சிப் ஸ்பிளிட், இன்டெல்-ஐஓஎம்எம்யு கருவியில் இன்ட்ரீமேப், கேச்சிங்-மோட் இரண்டும் ஆன். அந்தக் கருவியைக் கட்டளை வரியில் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் முன்னால் எழுத வேண்டும். கேச்சிங்-மோட் இல்லாவிட்டால் கெஸ்ட் புதிதாகப் போடும் மேப்பிங் கியூஎமு-வுக்குத் தெரியவே வராது. தெரியாததை ஹோஸ்டின் ஐஓஎம்எம்யு-வில் எப்படி ஏற்றும்? கெஸ்ட் கெர்னல் வரியில் இன்டெல்_ஐஓஎம்எம்யு=ஆன் சேர்க்கவும். கூடவே ஐஓஎம்எம்யு=பிடி போட்டால் கெஸ்டின் மற்ற டிரைவர்கள் மேப்பிங்குக்கு அடிக்கடி கியூஎமு-வைத் தொந்தரவு செய்யாது. டிபிடிகே 2 எம்பி பெரும்பக்கங்களை (பெரிய நினைவகத் துண்டுகள்) தொடக்கத்திலேயே மேப் செய்துவிடுவதால் அதன் வேகம் அவ்வளவாக அடிபடாது.

கார்டின் பிசிஐ எண் (கணினிக்குள் அதன் முகவரி) கெஸ்டுக்குள் பெரும்பாலும் மாறிவிடும். ஹோஸ்டில் 01:00.0 என்று பார்த்ததை கெஸ்டிலும் தேடி மாணவர்கள் கண்டிப்பாகத் திணறுவார்கள். குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறேன்.
– புதுச்சேரி

ஐஓஎம்எம்யு இல்லாமல் ஓட்டும் நோ-ஐஓஎம்எம்யு முறையை (கெர்னல் 4.5 முதல் உண்டு) குறிப்பு ‘எளிய முறை’ என்கிறது. இது தப்பு. அளவுருவின் பெயரிலேயே ‘அன்சேஃப்’ (பாதுகாப்பற்றது) இருக்கிறது, மாட்டினால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்கிறது. ‘காப்பற்ற உள்ளொப்படைப்பு’ என்றே எழுதுவோம். நிரல் தவறான முகவரி கொடுத்தால் கார்டு கெஸ்ட் நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் எழுதிவிடும். ஹோஸ்டை அதன் சொந்த ஐஓஎம்எம்யு காத்துக்கொள்ளும், கெஸ்டைக் காப்பவர் யாருமில்லை. ரூட் உரிமையும் வேண்டும், ஐஓவிஏ முறை (கார்டுக்குக் கொடுக்கும் முகவரியின் வகை) பிஏ-வாக, அதாவது இயற்பியல் முகவரியாக இருக்க வேண்டும்.
– கடலூர்

சரி, மூன்று சொல்லையும் ஏற்றுவிட்டேன். மெல்லனாக்ஸ் எம்எல்எக்ஸ்5 வகைக் கார்டு மட்டும் இடிக்கிறது. கெஸ்டில் அதன் கெர்னல் டிரைவரைக் கழற்றவே கூடாது; டிபிடிகே அதன் வழியாகத்தான் வேலை செய்யும். விஎஃப்ஐஓ-பிசிஐ மாட்டினால் டிபிடிகே-யின் சோதனை நிரலான டெஸ்ட்பிஎம்டி-க்குப் போர்ட்டே தெரியாது. பிடியை விடாததை ஒப்படைப்பு என்பது பொருந்தவில்லை. ‘கூட்டுப்பிடி’ எப்படி?
– புதுச்சேரி